வீட்டுக்குப் பின்னால் கரண்ட்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள்.
ஹாரிஸ்மித்தில் ஆடி என்றால்
விடிகாலை மண் கல்லாகிக் கிடக்கும்.
தோட்டத்துக் குழாயைத் திறந்தால்
காற்று மட்டும் இருமும்.
பிளாட்பெர்க் மலையின் தட்டைத் தலையில்
உப்பு மூட்டை அவிழ்ந்த மாதிரி வெள்ளை.

இந்த வீட்டை வாங்கியதும் ஓர் ஆடியில்தான்.
வேலியோரம் இரண்டு புதர்கள்.
இலையில்லை, பூவில்லை,
துடைப்பத்தைத் தலைகீழாய் நட்டுவைத்தது போல.
சாவியைக் கையில் வைத்துவிட்டு
விற்றவளின் மகன் சொன்னான்:
"கரண்ட். அம்மா வைத்தது. வருஷாவருஷம் வெட்டணும்."

அன்றிரவு தயாளன்
மின்நிலைய ஷிப்ட்டின் நடுவே அழைத்தான்.
"கரண்ட் இருக்கா?"
"ரெண்டு இருக்கு."
சிரிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்பா இந்த ஊரைத் தாண்டித் தாண்டி லாரி ஓட்டியவர்.
டர்பனில் ஏற்றிய சர்க்கரை
ஜோஹன்னஸ்பர்க்கில் இறங்கும்வரை
ஃப்ரீ ஸ்டேட் மண்ணில் எங்கள் ஆட்கள்
ஓர் இரவு தங்கவும் சட்டம் விடாத காலம்.
டீசல் போடலாம். தூங்கக் கூடாது.
பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டே ஓட்டினாராம்.
அவர் கண்ணயராத ஊரில் எனக்கு
ஒரு வேலி,
ஒரு கத்தரி,
முழங்காலுக்கடியில் ஒரு சாக்கு.

அடுத்த வீட்டு ஹெஸ்டர்
வேலிக்கு மேல் தொப்பியை மட்டும் காட்டிச் சொன்னாள்:
"கிழட்டுக் கட்டையை அடியோடு எடு.
மூன்று வயதுக்கு மேல் ஒன்றையும் விடாதே.
இளசில்தான் காய்க்கும்."

நாளெல்லாம் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
எலும்பைப் பார்த்து வயது சொல்வேன்.
கட்டை எனக்குப் புதுசு.
கறுத்ததெல்லாம் கிழடு, வெளுத்ததெல்லாம் இளசு
என்று வைத்துக்கொண்டேன்.
இரண்டு புதருக்கும் ஒரே கை, ஒரே நியாயம்.

மார்கழி வந்தது, கோடை வெயிலோடு.
ஒரு புதரில் கறுப்புக் கறுப்பாய்க் கொத்து.
எலிவால் குருவிகள் குடும்பத்தோடு வந்து
தலைகீழாய்த் தொங்கித் தின்றன.
மிஞ்சியதில் மிளகாய்ப்பொடி போட்டுத் தொக்கு கிளறினேன்.
ஹெஸ்டர் ஒரு ஸ்பூன் தின்றாள், தண்ணீர் கேட்டாள்,
அப்புறம் பாட்டிலைக் கேட்டாள்.

மற்றப் புதரில் இலை.
இலைக்குள்ளே இலை.

"அடக் கடவுளே, அது சிவப்பு போலிருக்கு" என்றாள்.
"சிவப்பு பழைய கட்டையில்தான் பிடிக்கும்."
"அப்பவே சொல்லியிருக்கலாமே?"
"எனக்கெப்படித் தெரியும்?
முப்பத்தோரு வருஷம் பக்கத்து வீடு.
ஒரு பழம் நீட்டியதில்லை அவள்.
நானும் கேட்டதில்லை."
பாட்டிலோடு போய்விட்டாள்.

திரும்பவும் ஆடி.
இந்த முறை கத்தரிக்கு முன்னால் மூக்கு.
மொட்டைக் கிள்ளி முகர்ந்தால்
கறுப்பு தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது,
கடுவன் பூனை நின்றுவிட்டுப் போன மூலை மாதிரி.
சிவப்புக்கு வாசனையே இல்லை.
நல்ல பிள்ளை போல் நிற்கிறது.

கறுப்பில் மூன்றிலொரு பங்கு, தரையோடு தரையாய்.
சிவப்பில் நடுவயிற்றை மட்டும் திறந்தேன்,
வெயில் இறங்கட்டும் என்று.
வெளியே பார்க்கும் மொட்டுக்கு
ஒரு நெல்லளவு மேலே, சாய்வாக ஒரு வெட்டு.
போன வருஷம் நான் தறித்த இடங்களில்
முண்டு முண்டாய்த் தழும்பு.
அதை ஒட்டியே புதுக்கட்டை.
அது கிழடாக இன்னும் இரண்டு ஆடி வேண்டும்.
நான் அவசரப்படப் போவதில்லை.

ராத்திரி தெருவே இருட்டு.
தயாளன் குரலில் குற்றவுணர்வு,
ஏதோ அவனே கையால் அணைத்த மாதிரி.
"கரண்ட் வந்துச்சா?"
"கறுப்பு வரும். சிவப்பு சந்தேகம்."

எவ்வளவு கழுவியும் விரலில் பூனை வாடை.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
ஹெஸ்டர் வீட்டு மெழுகுவர்த்தி
அறை விட்டு அறை போகிறது.
மத்தியானம், மண் இளகிய வேளையில்,
அவள் பக்கத்து வேலியடியில்
பென்சில் நீளத்துக்கு ஆறு குச்சி ஊன்றிவைத்தேன்.
ஆறும் சிவப்பு.
நான் சொல்லவில்லை.
அவள் கேட்கவுமில்லை.